சுவரில் இருந்த விரல் தடம்

2022 டிசம்பர், மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. காலை ஆறேகாலுக்குப் போன் அடித்தது. கும்பகோணத்தில் அம்மாவின் எதிர் வீட்டு அக்கா பேசினார். "பதறாம கேளும்மா. பெரியம்மா கொல்லையில விழுந்து கிடக்காங்க. நல்லா பேசுறாங்க, நினைவெல்லாம் இருக்கு. ஆனா எழுந்திருக்க முடியல. நூத்தியெட்டுக்குச் சொல்லிட்டோம்."

நான் திருச்சியில் இருக்கிறேன். தம்பி பெங்களூரில். அப்பா போன பிறகு அம்மா அந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தார். அப்போது அவருக்கு 74 வயது.

ஐந்து மணிக்கே விழுந்திருக்கிறார். ஒன்றேகால் மணி நேரம் ஈரச் சிமெண்ட் தரையில், அந்தக் குளிரில் கிடந்திருக்கிறார். கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்த நேரம், கூப்பிட்ட குரல் யார் காதிலும் விழவில்லை. உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அக்காவிடம் பிறகு கேட்டேன். "மார்கழியில ஆறு மணி ஆகியும் உங்க வாசல்ல கோலம் இல்ல. அதுக்கு மேல என்ன தெரியணும்?" என்றார். கதவைத் தட்டியிருக்கிறார், போன் அடித்திருக்கிறார், கடைசியில் பின்பக்கச் சந்து வழியாகப் போய் மதில் மேல் எட்டிப் பார்த்திருக்கிறார். அவருடைய மகன்தான் மதில் ஏறிக் குதித்தான்.

அவன் உடனே அம்மாவை இரண்டு தோளிலும் பிடித்துத் தூக்கப் போயிருக்கிறான். அக்கா தடுத்துவிட்டார். வலது கால் வெளிப்பக்கமாகத் திரும்பி, இடது காலைவிடக் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்ததாம். "தூக்காதடா, எலும்பு போயிருக்கு" என்று சொல்லி, போர்வையைப் போர்த்திவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் செய்தது அத்தனையும் சரி. வயதானவர் விழுந்து, இடுப்பிலோ தொடையிலோ வலி என்றால், கால் திரும்பியிருந்தால், தலையில் அடிபட்டிருந்தால், தூக்கி உட்கார வைக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தையாவது வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

தொடை எலும்பின் மேல் நுனி, பந்துபோல இடுப்புக் கிண்ணத்துக்குள் உட்காருமே, அதற்குக் கீழே இருக்கும் கழுத்துப் பகுதி முறிந்திருந்தது. அந்தப் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்க வேண்டும் என்றார்கள். இங்கேதான் நாங்கள் ஒரு நாளைத் தொலைத்தோம். சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இந்த வயதில் ஆபரேஷன் தாங்குமா, நாட்டுக்கட்டு போட்டு மூன்று மாதம் படுக்க வைத்தால் தானாகச் சேர்ந்துவிடும் என்று ஒரு மாமா அடித்துச் சொன்னார். நானும் தம்பியும் குழம்பினோம். எலும்பு மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: கை எலும்புபோல இது கட்டுக்குள் நிற்காது, முதியவர் மூன்று மாதம் படுத்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும், காலில் இரத்தம் உறையும், அதில்தான் உயிர் போகும், ஒன்றிரண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்து, மறுநாளே எழுப்பி நிற்க வைப்பதுதான் பாதுகாப்பு. மூன்றாம் நாள் ஆபரேஷன் நடந்தது. நான்காம் நாள் வாக்கரைப் பிடித்து அம்மா நின்றார். அந்த ஒரு நாள் தாமதத்துக்காக எனக்கு இன்னமும் மனசு ஆறவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை, புடவை, துண்டு எடுக்க வீட்டுக்குப் போனேன். கூடத்து விளக்கைப் போட்டேன். கும்பகோணத்துப் பழைய வீடு. ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், அதன் கடைசியில் கொல்லைக் கதவு. அம்மா படுக்கும் கட்டிலில் இருந்து கொல்லைக் கதவு வரைக்கும் சுண்ணாம்புச் சுவரில் ஒரு கறை ஓடியது. முதலில் ஈரம் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் விரல் தடம். எண்ணெய்க் கையும் மஞ்சள் கையும் பட்டுப் பட்டுப் பழுப்பேறி, என் இடுப்பு உயரத்தில், கட்டிலின் தலைமாட்டிலிருந்து வரிசையாக. சில இடத்தில் நான்கு விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. தூண் பக்கத்தில் ஒரு முழு உள்ளங்கை. கொல்லைக் கதவின் நிலையில் கறுத்துப்போய் ஒரு பிடி. அதற்கப்புறம் குளியலறைக் கதவு நிலையில்தான் அடுத்த தடம். நடுவில் நாலடி. அந்த நாலடியில் சுவரும் இல்லை, தூணும் இல்லை, பிடிக்க எதுவுமே இல்லை. பாசி பிடித்த சிமெண்ட் தரை. அம்மா விழுந்தது அங்கேதான்.

அந்தக் கறை ஒரு நாளில் வந்தது கிடையாது. மாதக்கணக்காக அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறார். தீபாவளிக்கு நான் வந்து நான்கு நாள் தங்கினேன். என் கண்ணில் படவில்லை.

வார்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "எத்தனை நாளாம்மா சுவரைப் பிடிச்சுட்டு நடக்குற?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். "ஆடியிலயே ஒரு தடவை துளசி மாடத்துக்கிட்ட விழுந்தேன். அடி ஒண்ணும் படல. புரட்டாசியில அடுப்படியில ஒரு தடவை. சொன்னா நீங்க ரெண்டு பேரும் என்னக் கூட்டிட்டுப் போயிடுவீங்க. வீட்டைப் பூட்டிடுவீங்க. அதான் சொல்லல."

நான் இதை எழுதுவதே இந்தப் பதிலுக்காகத்தான். பெரியவர்கள் விழுந்ததை மறைப்பார்கள். சுதந்திரம் போய்விடும் என்ற பயத்தில் மறைப்பார்கள். ஆனால், ஒரு வருடத்துக்குள் ஒரு தடவை விழுந்தவர் மறுபடி விழ வாய்ப்பு அதிகம். அடுத்த விழுகையைச் சொல்லும் அடையாளங்களில் முக்கியமானதே போன விழுகைதான். அதைத் தெரிந்துகொள்ளும் வழியை நாமே அடைத்துவிடுகிறோம். "கீழ கீழ விழுந்து வைக்காத, எங்களால ஓடி வர முடியாது" என்று நான் போனில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அதைக் கேட்ட பிறகு அவர் எப்படி என்னிடம் சொல்வார்?

இப்போது நான் வேறு மாதிரி கேட்கிறேன். "விழுந்தியா?" என்று கேட்பதில்லை. "வீட்டுல எந்த இடத்துல கால் வைக்க யோசனையா இருக்கு?", "நாற்காலியில இருந்து எழுந்திருக்கக் கையை ஊனிக்கிறியா?", "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்குற?" இப்படிக் கேட்டால் அவரே சொல்கிறார். அதோடு, விழுந்தால் வீட்டைப் பூட்ட மாட்டோம் என்று தம்பியும் நானும் வாக்குக் கொடுத்தோம். அந்த வாக்கைக் காப்பாற்றியதால்தான் மற்ற எல்லாவற்றையும் அவர் ஏற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த இரவுகளில் இதைப் பற்றி நிறையப் படித்தேன். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. எதிர்பாராத காயங்களால் வரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கு. அதிலும் 60 வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம். சாலை விபத்துக்குப் பயப்படுகிற அளவு குளியலறைக்கு நாம் பயப்படுவதில்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம், அம்மாவின் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு பொது மருத்துவரிடம் எடுத்துப் போனேன். டப்பாவில் இருந்தது, தலையணைக்கு அடியில் இருந்தது, சமையல்கட்டு அலமாரியில் இருந்தது என்று எல்லாமே. அவர் ஒவ்வொரு அட்டையாக மேசையில் பரப்பினார். மூன்று விஷயம் வெளிவந்தது.

முதலாவது தூக்க மாத்திரை. அப்பா இறந்த சமயத்தில் பத்து நாளைக்கு என்று எழுதிக் கொடுத்தது. பழைய அட்டையைக் காட்டிக் காட்டி அம்மா இரண்டு வருடமாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். இந்த வகை மாத்திரையின் மயக்கம் முதியவர்களுக்கு விடியற்காலை வரை உடம்பில் நிற்கும். ராத்திரி எழுந்தால் கால் தள்ளாடும். உடனே நிறுத்தினால் வேறு தொந்தரவு வரும் என்பதால், மருத்துவர் சொன்னபடி சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்தோம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டாவது, சிறுநீர் பிரிக்கும் பிரஷர் மாத்திரை. காலையில் போட வேண்டியதை, மறந்துபோகிறது என்று ராத்திரி மாத்திரையோடு சேர்த்துப் போட்டிருக்கிறார். அதனால் ராத்திரி மூன்று தடவை கொல்லைக்குப் போக வேண்டி வந்திருக்கிறது. காலைக்கு மாற்றியதும் ஒரு தடவையாகக் குறைந்தது. இருட்டில் போகும் நடையில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டது.

மூன்றாவதை அவர் அங்கேயே செய்து காட்டினார். அம்மாவைப் படுக்க வைத்துப் பிரஷர் பார்த்தார், 152. எழுப்பி நிற்க வைத்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்த்தார், 124. "தலை சுத்துதாம்மா?" என்றார். "லேசா. எழுந்ததும் எப்பவும் அப்படித்தான் இருக்கும்" என்றார் அம்மா. எழுந்து நின்றதும் மேல் அளவு 20 புள்ளியோ, கீழ் அளவு 10 புள்ளியோ குறைந்தால் அது கவனிக்க வேண்டிய விஷயம். உட்கார வைத்து மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், அடுத்த முறை அப்பா அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப் போகும்போது, "நிக்க வெச்சும் ஒரு தடவை பார்த்துடுங்க டாக்டர்" என்று கேளுங்கள். மருத்துவர் மருந்தின் அளவை மாற்றினார். கட்டிலில் இருந்து சட்டென்று எழக் கூடாது. உட்கார்ந்து பாதத்தைப் பத்துப் பதினைந்து தடவை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, எழுந்து நின்று ஒரு நிமிடம் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் நடக்க வேண்டும் என்று சொன்னார். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு, சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கியும் மயக்கம் வரும். அம்மாவுக்குச் சர்க்கரை இல்லை. ஆனால் பல வீடுகளில் இதுதான் காரணமாக இருக்கும்.

ஆஸ்பத்திரியிலேயே எலும்பு அடர்த்தி குறைவு என்று சொல்லி அதற்கு மருந்து ஆரம்பித்திருந்தார்கள். வைட்டமின் டி-யும் குறைவாக இருந்தது. 60,000 யூனிட் பொடிப் பாக்கெட்டை வாரம் ஒன்று, சொன்ன வாரங்கள் வரைக்கும் மட்டும் கொடுத்தோம். பலர் இதை நல்லதுதானே என்று வருடக்கணக்காகத் தொடர்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 70 வயது கடந்த பெண்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை 5 லட்சம் யூனிட்டை மொத்தமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். விழுவது குறையவில்லை, கூடியது. 2010-இல் வெளிவந்த ஆய்வு அது.

கண்ணில் புரை இருந்தது. பங்குனியில் அதை எடுத்தோம். அதுவரை, கூடத்தில் இருந்து முற்றத்துக்கு இறங்கும் படி அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியவே இல்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. சிவப்புக் காவித் தரை, படியும் அதே சிவப்பு, ஓரம் எங்கே முடிகிறது என்று நல்ல கண்ணுக்கே மங்கிய வெளிச்சத்தில் தெரியாது. படி விளிம்பில் இரண்டு அங்குல அகலத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தோம். எனக்கு ஒன்று தோன்றியது. வாசல் நிலைப்படியில் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார். அந்த நிலைப்படி அவரை ஒருநாளும் தடுக்கியதில்லை. எதுவும் பூசாத கொல்லை நிலைப்படியில்தான் கால் தட்டும். நிறம் மாறினால் கால் தானாக உயருகிறது. இன்னொன்றும் கண்ணாடிக்காரர்களுக்கு: பைஃபோகல் கண்ணாடியோடு படி இறங்கினால், கீழே பார்க்கும்போது கிட்டப் பார்வைக் கண்ணாடி வழியாகப் பார்ப்போம், படி மங்கலாகத் தெரியும். தூரப் பார்வைக்கு மட்டும் தனியாக ஒன்று வைத்துக்கொண்டு வெளியே போகும்போது போடலாம்.

கொத்தனாரை அழைத்து வந்து முதலில் காட்டியது அந்தச் சுவரைத்தான். எந்த உயரத்தில் கம்பி வைக்கலாம் என்று கேட்டார். அம்மாவின் விரல் தடம் ஓடிய உயரத்தை டேப் வைத்து அளந்தார், தரையிலிருந்து 35 அங்குலம். அதே உயரத்தில், அதே வரிசையில், கட்டிலில் இருந்து கொல்லைக் கதவு வரை ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான உருண்டை ஸ்டீல் பைப் ஓடியது. கை முழுசாகச் சுற்றிப் பிடிக்க அந்தக் கனம்தான் சரி; தடிமனாக இருந்தால் பிடி நழுவும். சுவருக்கும் கம்பிக்கும் நடுவே விரல் போகும் இடைவெளி மட்டும். பழைய சுண்ணாம்புச் சுவரில் சாதாரண ஸ்க்ரூ நிற்காது என்று, செங்கல்லுக்குள் போகிற மாதிரி நீளமான ஆங்கர் போல்ட் போட்டார். மாட்டி முடித்ததும் அவரே தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். அந்த நாலடிக்கு இரு பக்கமும் தரையில் கான்கிரீட்டில் பைப்பை ஊன்றி, கதவில் இருந்து குளியலறை வரை கைப்பிடி. பாசித் தரையைக் கொத்திவிட்டு, புதிதாகப் பூசி, ஈரம் காயும் முன் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்தார். கொல்லை நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் சிமெண்ட் சரிவு.

குளியலறையில் ஏற்கெனவே ஒரு கம்பி இருந்தது, துண்டு போடுவதற்கு. அதைத்தான் அம்மா பிடித்துக்கொண்டிருந்தார். கொத்தனார் ஒரு கையால் இழுத்தார், பிளாஸ்டிக் பிளக்கோடு வந்துவிட்டது. துண்டுக் கம்பியும் வாஷ்பேசினும் ஆளைத் தாங்காது. ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கப் வைத்த கைப்பிடியும் அப்படித்தான், நம்பி எடையைப் போடக் கூடாது. கழிப்பறையில் வெஸ்டர்ன் வைத்து, அதன் பக்கத்துச் சுவரில் ஒரு கம்பி. குளிக்க ரப்பர் கால் வைத்த, கைப்பிடியுள்ள நாற்காலி. பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துவிட்டோம், சோப்புத் தண்ணீரில் அது வழுக்கிக்கொண்டு போகும். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை நிறுத்தச் சொல்லவில்லை. எண்ணெயைக் கூடத்தில் உட்கார்ந்து தலைக்கு மட்டும் தேய்த்துக்கொள்வார், பாதத்தில் தேய்ப்பதில்லை. குளித்ததும் தரையை வெந்நீர் விட்டுத் தேய்த்துவிட ஆள் இருக்கிறது.

பழைய புடவையை மடித்துப் போட்டிருந்த கால்மிதிகள் ஐந்தை ஒரே நாளில் தூக்கினேன். அம்மாவுக்கு அதில் வருத்தம். ரப்பர் அடிப்பாகம் உள்ள ஒன்று மட்டும் போட்டோம். தேய்ந்துபோன ஹவாய் செருப்புக்குப் பதில், குதிகாலைப் பிடிக்கும் வார் வைத்த செருப்பு. புடவைக் கொசுவம் தரையைத் தொடாமல் கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலே. ஆள் நடந்தால் தானே எரியும் சென்சார் விளக்கு மூன்று: கட்டிலுக்குக் கீழே, தாழ்வாரத்தில், கொல்லையில். கரண்ட் போனாலும் எரிகிற பேட்டரி வகை. கட்டில் ரொம்பத் தாழ்வு என்று கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினோம். உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரையில் பட வேண்டும், முட்டி மடிந்து மேலே போகக் கூடாது, அதுதான் கணக்கு.

இவ்வளவும் செய்து முடித்தபோது வேலை முடிந்தது என்றே நினைத்தேன். பாதிகூட ஆகவில்லை.

அம்மா எழுந்திருக்கவே பயந்தார். வருகிறவர்கள் எல்லோரும் "படுத்தே இருங்க, எதுக்கு நடக்குறீங்க" என்றார்கள். நானும் தண்ணீரில் இருந்து தட்டு வரை கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரே மாதத்தில் தொடைச் சதை கரைந்துவிட்டது. பயத்தில் நடக்காமல் இருக்க, நடக்காததால் கால் வலுவிழக்க, அந்த வலுவின்மையே அடுத்த விழுகைக்கு வழி செய்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண்தான் அதை உடைத்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு இந்தப் பயிற்சியும் வீடு தேடி வருகிறது என்பது பலருக்குத் தெரியவில்லை.

வந்த முதல் நாளே என்னிடம் போனில் நேரம் பார்க்கச் சொன்னார். அம்மா நாற்காலியில் இருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 26 வினாடி ஆனது. 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று கணக்காம். இதை எந்த வீட்டிலும் செய்து பார்க்கலாம். பக்கத்தில் ஒருவர் நின்றுகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் பயிற்சி ஆரம்பித்தது. கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. நுனிக்காலை உயர்த்துவது. மேடை ஓரமாகவே நண்டுபோலப் பக்கவாட்டில் நடப்பது. ஒரு பாதத்தின் நுனியைத் தொட்டபடி அடுத்த குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடப்பது. ஒற்றைக் காலில் நிற்பது, முதலில் இரண்டு கையால் பிடித்து, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல். நியூசிலாந்தில் ஒடாகோ என்ற இடத்தில் உருவாக்கிய பயிற்சி முறை இது. வீட்டிலேயே செய்யக்கூடியது. அதைச் செய்த முதியவர்கள் விழுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது என்று அங்கே செய்த ஆய்வுகளில் தெரிந்தது. வெறும் நடைப்பயிற்சி மட்டும் போதாது, தடுமாற்றத்தைச் சமாளிக்கும் பழக்கம் உடம்புக்கு வர வேண்டும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அம்மா இதைப் பால் பொங்குகிற நேரத்தில் வைத்துக்கொண்டார். காலையில் பாலை அடுப்பில் வைத்ததும் குதிகால் பயிற்சி. ஐந்து மாதத்தில் 26 வினாடி 16 ஆனது. ஒரு வருடம் கழித்து 12. கைத்தடி இப்போதும் உண்டு. கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு மடியும் உயரத்துக்குத் தடியின் பிடி வர வேண்டும்; நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும்; அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தால் மாற்ற வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

விழுந்தால் எழுவதையும் பிசியோதெரபிஸ்ட் பெண் கற்றுக்கொடுத்தார், எதிர் வீட்டு அக்காவையும் சேர்த்து உட்கார வைத்து. முதலில் அசையாமல் மூச்சை இழுத்துவிட்டு எங்கே வலி என்று பார்க்க வேண்டும். வலி அதிகம் இல்லையென்றால் ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி, முட்டி போட்டு, கனமான நாற்காலி வரை தவழ்ந்துபோக வேண்டும். இரண்டு கையையும் அதன் மேல் வைத்து, வலுவான காலின் பாதத்தைத் தரையில் ஊன்றி, அமுக்கி எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். உதவுகிறவர் அக்குளில் பிடித்துத் தூக்காமல் நாற்காலியை மட்டும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் போதும். இடுப்பு மாற்றியவர்கள் இதைத் தங்கள் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் பார்க்கவே பழக வேண்டும். எழ முடியாவிட்டால் கத்திக் கத்திச் சோர்ந்துபோகாமல், கைக்கு எட்டிய துணியைப் போர்த்திக்கொண்டு, எதையாவது தட்டி ஓசை எழுப்ப வேண்டும். அம்மாவின் இடுப்பில் இப்போது ஒரு சின்னச் சுருக்குப்பை. அதில் பட்டன் போனும் ஒரு விசிலும். குளியலறைக்கும் அதோடுதான் போகிறார். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் தலையில் அடிபட்டால், அன்றைக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மூளைக்கு மேல் மெதுவாகக் கசிகிற இரத்தம் சில வாரம் கழித்துக்கூடத் தன்னைக் காட்டும்.

கோலத்துக்கு நான் தடை போட்டிருந்தேன். குனிவதே கூடாது என்று. அதைக் கேட்டு அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிசியோதெரபிஸ்ட் பெண் வாசலைப் பார்த்துவிட்டு, "திண்ணை இருக்கே, அது மேல போடலாமே பாட்டி" என்றார். திண்ணை அம்மாவின் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரும். தூணை இடது கையால் பிடித்துக்கொண்டு, குனியாமல், திண்ணை மேலே ஒன்பது புள்ளிக் கோலம். தரையில் பெரிய கோலத்தை அக்காவின் மகள் போடுகிறாள். அக்கா காலையில் ஜன்னலைத் திறந்ததும் பார்ப்பது இப்போது எங்கள் திண்ணையைத்தான். ஆறரைக்குள் கோலம் இல்லையென்றால் போன் வரும்.

உதவி தேவைப்படும் பெரியவர்கள் 14567 என்ற எண்ணில் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. சென்னைக்குப் போக முடிந்தவர்களுக்கு, கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. தனித்தனியாக நான்கு மருத்துவரிடம் மாத்திரை வாங்குகிறவர்கள், எல்லாவற்றையும் ஒருவரிடம் ஒரே நாளில் காட்டுவதுதான் முக்கியம். அதற்கு மஞ்சப்பை போதும்.

போன பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பழைய விரல் தடமெல்லாம் மறைந்துவிட்டது. சித்திரையில் நான் போனபோது, அம்மா தூங்கிய பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாக ஒரு சுற்று வந்தேன். கம்பி ஓடும் இடத்தில் சுவர் சுத்தமாக இருந்தது. சமையல்கட்டில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில், கதவைத் திறக்கும் பக்கம், புது வெள்ளையில் மூன்று விரல் பழுப்பாகத் தெரிந்தது. மறுநாள் காலை அம்மாவிடம் காட்டினேன். "அங்க திரும்புறப்போ கொஞ்சம் தள்ளுது" என்று தானாகவே சொன்னார். கொத்தனாருக்குப் போன் செய்தேன். அந்த வாரக் கடைசியில் வந்து, ஃப்ரிட்ஜுக்கு இந்தப் பக்கம், 35 அங்குல உயரத்தில், ஓரடி நீளத்துக்கு ஒரு கம்பி மாட்டிவிட்டுப் போனார்.